இருளும் ஒளியும் நெய்தவர்: மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம்

மஞ்சளுக்கும் நாகசுரத்துக்கும் பெயர் பெற்றது நாமகிரிப்பேட்டை. அவ்வூரும் இராசிபுரமும் ஆத்தூரும் ஒன்றுபட்ட சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில், அந்தி சாய்ந்ததும் இம்மாவட்டத்துச் சிற்றூர் மக்களை இழுத்துச் சென்ற இடம் டூரிங் கொட்டகை. பகலெல்லாம் வயலிலும் தறியிலும் உழைத்தவர்கள், மணல் தரையில் அமர்ந்து, விளக்கணையும் கணத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் கண்டு வியந்த பல படங்கள் தொலைதூர நகரங்களில் உருவானவை அல்ல. சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலத்திலேயே எடுக்கப்பட்டவை. அவற்றை எடுத்தவர் திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் ஆவார்.

காப்பியம், புராணம், சமூகக்கதை எனப் பல வகைப் படங்களை அவர் தந்தார். எனினும் அவருடைய வாழ்வில் ஓர் இழை மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. குற்றம், மாறுவேடம், இரட்டை வாழ்வு, இரவில் நடமாடும் பாவம் என்னும் இருண்ட பொருள்களை அவர் விட்டு விலகவே இல்லை. ஒழுங்குக்குப் பெயர் போன ஒருவர் ஒழுங்கற்ற உலகை ஏன் இத்துணை விரும்பிக் காட்டினார்? நேர்மையோடு வாழ்ந்த எளிய மக்கள் அதனை ஏன் இத்துணை விரும்பிக் கண்டார்கள்? அவருடைய வரலாறு எழுப்பும் வினாக்கள் இவை.

பிறப்பும் கல்வியும்

சுந்தரம் 1907ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் திருச்செங்கோட்டில் பிறந்தார். மலைமீது மாதொருபாகன் கோயில் கொண்டுள்ள அவ்வூர், தறியோசை ஓயாத ஊருமாகும். துணி வணிகத்தில் செழித்த குடும்பம் அவருடையது. குடும்பத் தொழிலை நவீன முறையில் வளர்க்கும் நோக்குடன் இங்கிலாந்து சென்று, லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரை மணந்து தாயகம் திரும்பினார். ஆலை முதலாளியாகவோ துணி வணிகராகவோ அவர் வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் அவர் மீண்ட காலம், தமிழ்ப்படம் பேசத் தொடங்கிய காலம்.

1931இல் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துச் செல்வர்கள் சிலர் இப்புதுத் தொழிலில் முதலிட முன்வந்தனர். ஏஞ்சல் பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தில் சுந்தரம் பங்காளியானார். தமிழகத்தில் வசதியான படநிலையங்கள் இல்லாமையால், அக்காலத் தயாரிப்பாளர்கள் நடிகர் குழுவை இரயிலேற்றிக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று படமெடுத்தார்கள். 'திரௌபதி வஸ்திராபஹரணம்' (1934), 'நல்லதங்காள்' (1935) முதலிய படங்கள் அவ்வனுபவத்தை அவருக்குத் தந்தன. பிறர் நிலையத்தில் வாடகைக்குப் படமெடுக்கும் தொழில் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்தார். நெசவு பயின்றவர் அல்லவா? பஞ்சு புகுந்து துணியாக வெளிவரும் ஆலையைப் போல், கதை புகுந்து படமாக வெளிவரும் ஆலை ஒன்றை அமைக்கத் துணிந்தார்.

படநிலையம் எழுந்த கதை

முப்பதுகளின் நடுப்பகுதியில், சேலம் நகரிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவும் கூடம் முதலியன ஒரே வளாகத்தில் அமைந்தன. முதற்படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, மலையாள மொழியின் முதல் பேசும்படமாகிய 'பாலன்' இந்நிலையத்திலிருந்து வெளியாயிற்று. பின்னாளில் தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் எனப் பன்மொழிப் படங்களும் இங்கே உருவாயின. நிலையத்தின் படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டன.

கலைஞர்களும் தொழில்நுட்பக்காரர்களும் மாதச் சம்பளம் பெற்றுச் சேலத்திலேயே தங்கினர். குறித்த நேரத்தில் விளக்கெரிய வேண்டும். குறித்த நாளில் படம் முடிய வேண்டும் என்பதே சுந்தரத்தின் கட்டளை. காலந்தவறி வருவோரிடம், அவர் எத்துணைப் புகழ்பெற்ற நடிகராயினும், கண்டிப்புக் காட்டினார். படமெடுத்தல் பலருக்குச் சூதாட்டமாக இருந்த நாளில் அவர் அதைத் தொழிற்சாலையாக நடத்தினார். பல முதலாளிகள் ஓரிரு படங்களோடு மறைந்தபோதும் அவர் நிலைத்து நின்றமைக்கு இதுவே காரணம்.

1940இல் அவர் இயக்கிய 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழ்த்திரையின் முதல் இரட்டை வேடப் படமாக அது போற்றப்படுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது அது. ஒரே முகம், ஒருவன் நல்லவன், மற்றவன் கொடியவன். அதனைக் கண்டவர்களுக்குப் படக்கருவியின் வித்தை வியப்பளித்தது. அவ்வித்தைக்குப் பின்னே, ஒரு முகத்துக்குள் இருவர் வாழக்கூடும் என்னும் அச்சமும் இருந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர் முயற்சிக்குத் துணைநிற்கும் படங்களை அரசு எதிர்பார்த்தது. சுந்தரம் 1945இல் 'பர்மா ராணி' என்னும் ஒற்றர் கதையைப் படமாக்கினார். சப்பானியர் கைப்பற்றிய பர்மாவில் நிகழும் அக்கதையில், சப்பானியப் படைத்தலைவன் வேடத்தை இயக்குநராகிய அவரே ஏற்றார். தம் படத்தின் பகைவனாகத் தாமே நடித்த முதலாளியைத் தமிழ்த்திரையுலகில் காண்பது அரிது.

இருளின் இலக்கணம்

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு புதுவகைப் படம் தோன்றியிருந்தது. டாஷியல் ஹாமெட், ஜேம்ஸ் எம். கெய்ன், ரேமண்ட் சாண்ட்லர் ஆகியோரின் குற்றக்கதைகளை அது கருவாகக் கொண்டது. 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941), 'டபுள் இண்டெம்னிட்டி' (1944) ஆகியன அதன் முன்னோடிகள். இட்லரின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஜெர்மானிய, ஆஸ்திரியக் கலைஞர்கள் பலர், தங்கள் நாட்டு மௌனப் படங்களில் பழகிய நிழல் வித்தையை ஆலிவுட்டுக்குக் கொண்டு சென்றனர். விளக்குகள் குறைக்கப்பட்டன, முகத்தின் ஒரு பாதி இருளில் அமிழ்ந்தது, சன்னல் சட்டங்களின் நிழல் மாந்தர்மீது சிறைக்கம்பிகளைப் போல் விழுந்தது. போர் முடிந்தபின் அப்படங்களை ஒருங்கே கண்ட பிரெஞ்சுத் திறனாய்வாளர்கள் 1946இல் 'ஃபிலிம் நுவார்' எனப் பெயரிட்டனர். நுவார் என்றால் கருமை. தமிழில் இவற்றை இருண்மைப் படங்கள் எனலாம்.

இவற்றின் தனித்தன்மை குற்றம் நிகழ்வதில் இல்லை. குற்றவாளி நம்மைப் போன்றவனாக இருப்பதில்தான் உள்ளது. காப்பீட்டு முகவன், வழக்கறிஞன், மனைவி, நண்பன் ஆகியோரே தடுமாறி வீழ்கின்றனர். காண்போன் அவர்களை வெறுக்கும்போதே தன்னையும் அஞ்சுகிறான். பகலில் ஒப்புக்கொள்ள முடியாத ஆசையை இருட்டில் அமர்ந்து பிறர்மேல் ஏற்றிக் காண்கிறான். விளக்கெரிந்தபின் தான் குற்றம் செய்யவில்லை என்னும் ஆறுதலோடு வீடு திரும்புகிறான். இருண்மையின் ஈர்ப்பு இதுவே.

காப்பியத்தின் மலையுச்சி

இருண்மை மேனாட்டுச் சரக்கு என எண்ணுவது பொருந்தாது. பொய்ச்சான்றால் ஒரு வணிகன் கொலையுண்ணும் கதையே நம் முதற்காப்பியம். ஐம்பெருங்காப்பியங்களுள் மற்றொன்றான குண்டலகேசி இன்னும் இருண்டது. வணிகன் மகள் பத்திரை, கொலைத்தண்டனை பெற்ற கள்வன் காளனை விரும்பி மணக்கிறாள். அவன் அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவன் எண்ணத்தை அறிந்தவள், இறக்குமுன் கணவனை மும்முறை வலம்வர வேண்டுமெனக் கேட்டு, வலம்வரும் பாவனையில் பின்னின்று அவனைத் தள்ளிவிடுகிறாள். காதல், வஞ்சம், கொலை, பின்னர் துறவு எனச் செல்லும் அக்கதையில் பிற்கால இருண்மைப் படங்களின் உறுப்புகள் அனைத்தும் உள்ளன.

அக்கதையைத் திரைக்குக் கொண்டுவந்தது மாடர்ன் தியேட்டர்ஸ். மு. கருணாநிதி கதை வசனம் எழுத, எம். ஜி. இராமச்சந்திரன் நடிக்க, 1950இல் 'மந்திரி குமாரி' வெளிவந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கத் தொடங்கினார். அவர் இந்தியாவை விட்டுச் செல்ல நேர்ந்தமையால் எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். இராசகுருவின் மகன் பார்த்திபன் பகலில் உயர்குடிச் செல்வன், இரவில் கொள்ளைக்காரன். எஸ். ஏ. நடராசன் அவ்வேடத்தில் பெரும்புகழ் பெற்றார். மாதுரி தேவி அமைச்சர் மகளாக நடித்தார். கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சிக்கு, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய இனிய காதற்பாட்டு அமைந்தது. கொலைக்கு அழைக்கும் குரல் அத்துணை இனிமையாக ஒலிப்பதே அக்காட்சியின் கொடுமை. ஆலிவுட் நிழலால் செய்ததைச் சேலம் பாட்டால் செய்தது.

கவிஞர்களுக்கும் இந்நிலையத்துக்கும் இருந்த உறவு ஈண்டு நினைக்கத்தக்கது. பாவேந்தர் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' இங்கே 'பொன்முடி' (1950) என்னும் படமாயிற்று. அ. மருதகாசி தம் திரைப்பாட்டுப் பணியை இந்நிலையத்தின் 'மாயாவதி' (1949) படத்தில் தொடங்கினார். கண்ணதாசன் தம் இளமையில் இதன் கதை இலாகாவில் பணிபுரிந்தார். தமிழ்க்கவிதை மாதச் சம்பளம் பெற்ற இடம் ஒன்று சேலத்தில் இருந்தது என்பது சிறிய செய்தியன்று.

துப்பறியும் சாமியார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் எழுதிய துப்பறியும் நாவல்களைத் தமிழ்மக்கள் ஆவலுடன் படித்தனர். கற்றறிந்தோர் பலர் அவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. ஆயினும் படிக்கும் பழக்கத்தை இல்லந்தோறும் பரப்பியவை அவையே. வடுவூராரின் படைப்புகளுள் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளர் பெரும் செல்வாக்குப் பெற்றார்.

ஆசிரியர் 1942இல் மறைந்தார். எட்டாண்டுகள் கழித்து, 1950இல் சுந்தரம் 'திகம்பர சாமியார்' நாவலைத் தாமே இயக்கிப் படமாக்கினார். ஊரார் மதிக்கும் வழக்கறிஞர் ஒருவரின் சூழ்ச்சிகளைத் துறவி ஒருவர் பல மாறுவேடங்களில் புகுந்து வெளிப்படுத்துவது கதை. சட்டம் கற்றவன் குற்றவாளி. உடைமை துறந்தவன் காவலன். பின்னாளில் தமிழ்த்திரையின் நிலையான வில்லனாக அறியப்பட்ட எம். என். நம்பியார் இதில் கதைத்தலைவராக நடித்தார் என்பது இன்றைய தலைமுறைக்கு வியப்பாக இருக்கும். யார் நல்லவன், யார் தீயவன் என்பது வேடத்தைப் பொறுத்தது என்னும் இருண்மைக் கருத்துக்கு இதனினும் பொருந்திய நடிகர் தேர்வு இல்லை.

சேலம் வந்த இருண்மை நாயகி

1952இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு கூட்டாக 'தி ஜங்கிள்' என்னும் ஆங்கிலப் படத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. வில்லியம் பெர்க் இயக்கிய இப்படத்தில் ராட் கேமரூன், சீசர் ரொமேரோ ஆகியோருடன் மேரி வின்ட்சர் நடித்தார். இவ்வம்மையார் இருண்மைப் படங்களின் புகழ்பெற்ற முகங்களுள் ஒருவர். அதே 1952இல் வெளியான 'தி நேரோ மார்ஜின்', பின்னர் 1956இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'தி கில்லிங்' ஆகிய படங்களால் அவர் நினைக்கப்படுகிறார். சேலத்துப் படத்தில் அவர் ஏற்றதோ இந்திய இளவரசி வேடம். யானைகளுக்கு உரோமம் போர்த்திப் பழங்கால மாமதங்களாகக் காட்டிய எளிய படம் அது. கலைச்சிறப்பு மிகுதி என்று கூறுவதற்கில்லை. எனினும் அந்நடிகையின் வருகை, இரண்டு உலகங்களும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதை உணர்த்தும்.

தீயவனே தலைவன்

அடுத்த ஆண்டு சுந்தரம் இயக்கிய 'திரும்பிப் பார்' (1953) அவருடைய துணிவுக்குச் சான்று. 'தி ஷாப் அட் ஸ்லை கார்னர்' (1947) என்னும் பிரிட்டிஷ் குற்றப்படத்தின் சாயல் அதில் உண்டு. மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். 'பராசக்தி'யால் முந்தைய ஆண்டு புகழின் உச்சியைத் தொட்ட சிவாஜி கணேசன், பெண்களை ஏமாற்றித் திரியும் தீயவனாக இதில் நடித்தார். கதையின் நடுவில் நிற்பவனே கயவன். அவனை மன்னிக்கவும் இயலாமல், அவன்மீது பதித்த கண்ணை எடுக்கவும் இயலாமல் மக்கள் தவித்தனர்.

சுந்தரத்தின் படங்களில் குறைகளும் இருந்தன. மேனாட்டுக் கதைகளைத் தழுவுவதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. சண்டை, நடனம், நகைச்சுவை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கலந்தமையால், கதையின் இருள் செறியும் வேளையில் வேடிக்கை புகுந்து அதனைக் கலைத்ததும் உண்டு. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாடலே இல்லாமல் வெளிவந்து, தமிழின் முழுமையான இருண்மைப் படமாகத் திறனாய்வாளர்களால் போற்றப்படுகிறது. அத்தகைய துறவு சுந்தரத்துக்கு உடன்பாடன்று. பாடல் இல்லாத அப்படத்தைக் கொட்டகை மக்கள் அந்நாளில் பெரிதும் வரவேற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. திறனாய்வாளர் மெச்சும் தூய இருளா, மணல் தரையில் அமர்ந்தவன் தாங்கக்கூடிய இருளா என்னும் வினாவில் சுந்தரம் இரண்டாவதையே தேர்ந்தார். வீடு திரும்புவோர் அச்சத்தோடு மட்டும் திரும்பலாகாது. ஒரு பாட்டோடும் திரும்ப வேண்டும் என்பதே அவருடைய படங்கள் காட்டும் நெறி.

கருப்பு வெள்ளையில் கைதேர்ந்த அவரே தமிழுக்கு முழுநீள வண்ணத்தையும் தந்தார். அவர் இயக்கிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) கேவா கலரில் வெளிவந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) அவருடைய இயக்கமே. வண்ணம் வந்தபின்னும் குற்றக்கதை அவரை விடவில்லை. சிறையும் தப்பியோட்டமும் கொண்ட 'கைதி கண்ணாயிரம்' 1960இல் இந்நிலையத்திலிருந்து வெளிவந்தது.

மறைவும் மரபும்

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், தம் 56ஆம் வயதில் சுந்தரம் மறைந்தார். அவருக்குப்பின் மகன் இராமசுந்தரம் நிலையத்தை நடத்தினார். தந்தை விட்ட இழையை மகன் இறுகப் பற்றினார். 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய துப்பறியும் படங்கள் தொடர்ந்து வந்தன. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு என்னும் பெயர் நிலைத்தது. பின்னர் திரைத்தொழில் முழுதும் சென்னையில் குவிந்தது. சேலத்து நிலையம் மெல்ல ஓய்ந்தது. நூற்றுக்கணக்கானோர் உழைத்த வளாகம் மறைய, ஏற்காட்டுச் சாலையில் அதன் நுழைவு வளைவே அடையாளமாக எஞ்சியது.

இருண்மை மட்டும் மறையவில்லை. துப்பறியும் கதை மாத நாவலாகப் பேருந்து நிலையக் கடைகளை நிறைத்தது. புத்தாயிரத்தில் அது கணினி விளையாட்டுகளிலும் குடிபுகுந்தது. 'எல்.ஏ. நுவார்' (2011) என்னும் விளையாட்டு 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் காட்டுகிறது. ஆடுபவனே துப்பறிவாளன். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்து, அவன் சொல்வது மெய்யா பொய்யா என அவனே முடிவு செய்ய வேண்டும். திகம்பர சாமியாரைக் காணச் சென்ற மக்கள் கண்ணால் மட்டும் செய்ததை இன்றைய இளைஞர் கையாலும் செய்கின்றனர். கருவி மாறியது, பிறர் முகத்தில் மறைந்திருப்பதை அறியும் ஆவல் மாறவில்லை.

எஞ்சியவை

குண்டலகேசிக் காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை பத்தொன்பது பாடல்களே என்பர். பகைநூலாகிய நீலகேசியின் உரையால்தான் அதன் கதை நமக்குத் தெரியவருகிறது. மறுத்தவர்கள் காத்துத் தந்தமையால் அது பிழைத்தது. சுந்தரத்தின் படங்களுக்கும் அத்தகைய ஊழே வாய்த்திருக்கிறது. 'பாலன்' படத்தின் சுருள் இன்று இல்லை. பாட்டுப் புத்தகங்களும் நிழற்படங்களும் முதியோர் நினைவுமே பல பழம்படங்களுக்குச் சான்றாக உள்ளன. ஓலையைச் செல்லரித்தது, படச்சுருளைக் காலம் அரித்தது. இரண்டுக்கும் துணைநின்றது கற்றோரின் புறக்கணிப்பு. உயர்ந்த இலக்கியம் அன்று என ஒதுக்கப்பட்டவற்றைத் தேடிக் காக்க எவரும் முன்வருவதில்லை.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் படநிலைய முதலாளி ஒருவரை நினைப்பது சிலருக்குப் புறம்பாகத் தோன்றலாம். ஆனால் காப்பியக் கள்வனை மீண்டும் மலையேற்றியவரும், வடுவூராரின் சாமியாருக்கு உருக்கொடுத்தவரும், கவிஞர்களுக்குக் கூலியும் மேடையும் தந்தவரும் அவரே. இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, திருச்செங்கோட்டு வட்டாரத்து இல்லங்களின் பழம்பெட்டிகளில் மாடர்ன் தியேட்டர்ஸ் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடக்குமாயின், அதனைத் தூசி தட்டி எடுத்து வைப்பதும் தமிழ்ப்பணியே. நீலகேசி உரையாசிரியர் பகைவராக நின்று செய்த காப்பை, அன்பராக நின்று செய்வதற்கு இவ்வட்டத்தார்க்கு வாய்ப்புள்ளது. தறியில் பாவும் ஊடும்போல் இருளையும் ஒளியையும் வைத்து நெய்த திருச்செங்கோட்டாருக்கு இம்மண் செலுத்தக்கூடிய நன்றி அதுவாகும்.